சாங்கியில் மாட்டிய விருது விழா டேப்

இன்று சிங்கப்பூரில் தேக்கா போகும் பேருந்தில் ஒருவர் கைபேசியில் தேசியத் திரைப்பட விருதுச் செய்தியைச் சத்தமாக வைத்தார். சட்டென்று காதைப் பொத்திக்கொண்டேன்.

எண்பதுகளில் வந்த பழக்கம். டெல்லியில் பெயர்களை விழாவுக்கு முன்பே அறிவித்துவிடுவார்கள். இங்கே எங்கள் வீட்டிலோ விழாவின் வீடியோ டேப் சென்னையிலிருந்து வரும்வரை எந்தப் பெயரையும் காதில் வாங்கமாட்டோம்.

ஒருமுறை டேப்பை நானே கொண்டுவந்தேன். சாங்கி விமான நிலையத்தில் தமிழ்ச் சுங்க அதிகாரி ஒருவர் நிறுத்தினார்.

"என்ன படம்?"

"படமில்லைங்க, விருது விழா."

"சிறந்த நடிகர் யாரு?"

"தெரியாதுங்க."

"விருது விழாங்கிறீங்க, யாருக்குன்னு தெரியாதா?"

ஆபாசப் படம் என்று நினைத்துவிட்டாரோ? ஜெயிலோ? கண் கலங்கிவிட்டது.

"பயப்படாதீங்க லா, சென்சார் பாத்துட்டுக் குடுத்துடுவாங்க" என்று தேற்றியவர், நடிகர் பெயரையும் சொல்லித் தொலைத்தார்.

டேப் திரும்பி வரும்வரை வீட்டில் வாயைத் திறந்தால் அந்தப் பெயரை உளறிவிடுவேனோ என்று பயம். நீங்களாக இருந்தால் அடக்கியிருப்பீர்களா?