எலிக்காய்ச்சலில் போன நாய் டாக்டர்

பரவையில் ஒரு பசுவுக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தேன். முத்தையாவின் அண்ணன் தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, முத்தையா போயிட்டான்." ஊசியை முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன். பதினோரு வருடம் என்னோடு ஒரே அறையில் வேலை பார்த்த சக கால்நடை மருத்துவர். ஊருக்கு அவர் நாய் டாக்டர்.

அவருடைய கோபம் ஊருக்கே தெரியும். நாயின் கண் மஞ்சளானால் காமாலை என்று கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துவிட்டு, அது எழ முடியாதபோது தூக்கி வருவார்கள். அவர் முதலில் கேட்பது, "வீட்டுல எலி இருக்கா?" ஒரு கடைக்கார அம்மாள், "எங்க வீட்டுலயா எலி?" என்று முறைத்தார். முத்தையா அந்த அம்மாள் வீட்டுக்கே போய்விட்டார். நாய்த்தட்டில் மிச்சச் சோறு கிடந்தது.

"இம்புட்டுச் சோத்த வச்சு எலிய நீங்கதான் விருந்துக்குக் கூப்புடுறீங்க. அது மூத்திரம் பட்ட தண்ணியத்தான் நாய் குடிக்குது. வருசா வருசம் தடுப்பூசி போடுங்கம்மா."

கடைசியாக அவர் பார்த்தது நாகமலை புதுக்கோட்டை விவசாயி ஒருவரின் நாயை. பார்த்ததுமே எலிக்காய்ச்சல் என்று சந்தேகப்பட்டு, ரத்தம் எடுத்து அனுப்பிவிட்டு, முடிவு வருமுன்பே பென்சிலின் தொடங்கினார். அவர் விரலில் வெட்டுக்காயம். கையுறை தீர்ந்திருந்தது, வாங்கி வைக்க வேண்டிய முறை என்னுடையது. மூத்திரத்தில் நனைந்து கிடந்த நாயை வெறுங்கையால் தூக்கினார். நாய் பிழைத்துக்கொண்டது.

பத்து நாள் கழித்து அவருக்குக் காய்ச்சல், கெண்டைக்காலில் தாங்க முடியாத வலி. நான் பார்க்கப் போனபோது கண் மஞ்சளாக இருந்தது. எங்கள் வீடுகளில் மனிதருக்குக் காமாலை என்றால் நாட்டு மருந்துதான். படித்த படிப்பு எங்கே போயிற்றோ, கொட்டாம்பட்டிப் பக்கம் ஒரு வைத்தியரிடம் நானே அவரை அழைத்துப் போனேன். "நாலு நாள் பத்தியந்தானே, இருந்துட்டுப் போறேன்" என்று அவரும் சிரித்தார். நான்காம் நாள் சிறுநீர் நின்றுவிட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் கேட்ட முதல் கேள்வி, "என்ன வேலை பாக்குறாரு?"

பதினாறாம் நாள் காரியத்தன்று அவர் மனைவி என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நாய்க்குன்னா ஒடனே ரத்தம் எடுத்துப் பாக்குறீங்க. அவருக்கு ஏண்ணே பாக்கல?"

முத்தையாவைப் பற்றி நல்லதாக எதை நினைக்கப் போனாலும் இந்தக் கேள்வி முன்னால் வந்து நிற்கிறது. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இதுதான்.