காளிதாஸ் கிராணி போடாத கையெழுத்து

மலாயாவில் அலோர் காஜா பக்கத்து ரப்பர் தோட்டத்தில், ஆபீஸ் கணக்கெழுதும் காளிதாஸ் கிராணிக்கு ஒரு பைத்தியம் உண்டு. ஆங்கிலச் சொற்களின் பூர்வீகம் தேடுவது. தடித்த அகராதியோடு உட்கார்ந்தால் சோறு தண்ணீர் வேண்டாம். ‘ஃபியர்’ என்ற சொல்லைப் பார்த்த அன்று தனியே சிரித்தார். இன்றைக்கு அதற்குப் பயப்படுவது என்று பொருள். ஆதியில் அது திடீரென்று வரும் ஆபத்தின் பெயர். வினையானபோது பயமுறுத்துவது என்று ஆனது. மிரட்டியவனுடைய சொல் எப்படியோ மிரண்டவன் தலையில் விழுந்திருக்கிறது. வெள்ளைக்காரனுக்கு இதெல்லாம் கைவந்த கலைதான்.

அவசரகாலம், 1951. காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்ச் சேரும் என்று, வேலைக்கு ஒரு பிடி சோறுகூடக் கொண்டுபோகக் கூடாது. மீறினால் சிறை. பால்மரம் வெட்டும், அதாவது ரப்பர் மரம் சீவிப் பால் எடுக்கும் முனியாயிக்கு அது தெரியாமல் இல்லை. ஆனால் மகளுக்குக் காய்ச்சல் இறங்கினால் மரக்காட்டு ஓரத்து முனியாண்டிக்குச் சோறு படைப்பதாக வேண்டியிருந்தாள்; காய்ச்சலும் இறங்கிவிட்டது. சாமிக்குக் கொண்டுபோவது எப்படிக் கடத்தலாகும்? சோற்றை இலையில் மடித்து, சூடத்தோடு பால்வாளிக்குள் வைத்தாள். கேட்டில் பிடிபட்டாள்.

போலீஸ் துரை ஒரு தாளை டைப் அடித்து, மொழிபெயர்க்க வந்த காளிதாஸிடம் நீட்டினார். காட்டுக்காரர்களுக்குப் பயந்து சோறு கொண்டுபோனேன் என்று இருந்தது. நட்டநடுவில் அதே ‘ஃபியர்’. கைநாட்டு வைத்தால் இன்றே வீட்டுக்குப் போகலாம் என்றார் துரை. அந்தத் தாள் நாளைக்கு அவளைக் குடும்பத்தோடு உள்ளே தள்ளும் என்று கிராணிக்குத் தெரியும். உள்ளதை உள்ளபடி அவளுக்குச் சொன்னார்.

“நான் எவனுக்கும் பயப்படல கிராணியாரே. முனியாண்டிக்குத்தான் கொண்டுபோனேன். அப்படியே சொல்லுங்க லா,” என்றாள் முனியாயி.

சொன்னார். துரை காதில் ஏறவில்லை. கைநாட்டை நான் வாங்கிக்கொள்கிறேன், மொழிபெயர்த்ததாக நீ கையெழுத்துப் போடு, இல்லாவிட்டால் ஆபீஸ் வேலை இருக்காது என்றார். காளிதாஸுக்கு அது பன்னிரண்டு வருஷத்து வேலை. பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் மூன்று. ஆனாலும் ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது.

“துரையவர்களே, உங்கள் முப்பாட்டன் காலத்தில் இந்தச் சொல்லுக்குப் பயமுறுத்துவது என்று அர்த்தம். இங்கே நடப்பதும் அதுதான். நான் கையெழுத்துப் போட மாட்டேன்,” என்று ஆங்கிலத்திலேயே சொன்னார்.

கையெழுத்தில்லாத தாள் செல்லாது; சூடத்தோடு இருந்த சோறு காட்டுக்காரர்களுக்குத்தான் என்று நிரூபிக்கவும் முடியாது. மத்தியானம் முனியாயியை விட்டார்கள். சாயங்காலம் காளிதாஸின் வேலை போனது. வேண்டுமானால் மரம் வெட்டட்டும் என்றார் மானேஜர், அவமானப்படுத்துவதற்காகவே.

மறுநாள் விடியலில், அதுவரை ஆள் கணக்கெடுக்கத் தான் பேர் கூப்பிட்ட அதே பெரட்டுக்களத்தில், வெட்டுக்காரர்களோடு வரிசையில் போய் நின்றார். புதிய கிராணி சங்கடத்தோடு அவர் பேரை முணுமுணுத்தான்.

“காளிதாஸ். இருக்கேன்,” என்றார், மானேஜர் பங்களாவரை கேட்கும்படி.