பார்சலில் ஏறிய ராமு

ஆரம்பாக்கத்தில் இருக்கிறோம். இரண்டாம் வகுப்புப் படிக்கும் என் மகள் நிலா, பள்ளியில் பெற்றோர் முன்னால் ஒரு கதையை வாசிக்க வேண்டியிருந்தது. முந்தின நாள் மாலை வீட்டில் வாசிக்கச் சொன்னேன்.

"ராமு பார்சலில் ஏறி ஆற்றைக் கடந்தான்" என்றாள்.

"எழுத்தப் பாத்துப் படிடீ. பரிசல்."

தலையாட்டிவிட்டு, மறுபடியும் ராமுவைப் பார்சலிலேயே அனுப்பினாள். பிள்ளைக்கு எழுத்தே தெரியவில்லையோ என்று பயந்தேன். அதட்டினேன், அழுதுவிட்டாள்.

காட்டுப்பள்ளியில் கப்பல் கட்டும் இடத்தில் வேலை செய்யும் என் கணவர் அப்போதுதான் வந்தார்.

"இன்னாத்துக்குப் புள்ளைய அழ வுட்டுக்கினு கீற? குடு" என்று புத்தகத்தை வாங்கிக் கணீரென்று வாசித்தார். "ராமு பார்சலில் ஏறி..."

நிலா அழுகையை நிறுத்தி என்னைப் பார்த்தாள். நான் சிரித்துவிட்டேன். காதில் விழாத சொல்லைக் கண்டால், பழகிய சொல்தான் வாயில் முந்திக்கொள்கிறது என்று அப்போதுதான் உறைத்தது.

அண்டாத் தண்ணீரில் ஒரு கிண்ணத்தை மிதக்கவிட்டு, அதில் பொம்மையை உட்கார வைத்தேன்.

"இதான் பரிசல். படகு மாதிரி, ஆனா வட்டமா இருக்கும். சுத்திக்கினே போவும்."

"ராமுக்குத் தலை சுத்தாதா?" என்று கேட்டவள், அடுத்த வாசிப்பில் தடுமாறவே இல்லை. பள்ளியிலும்தான்.

இப்போதெல்லாம் புதுப் பாடம் வந்தால் முதலில் அதைப் பற்றிப் பேசுகிறோம். பேச்சு சுவாரசியத்தில் அடிக்கடி சோறு தீய்ந்துவிடுகிறது. பரவாயில்லை, அவள் படிக்கிறாள்.