கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் அப்பா

கண் ஆபரேஷனுக்குப் பிறகு அப்பாவுக்கு வெயிலே ஆகவில்லை. அவருக்காகத்தான் என் காரின் கண்ணாடிகளில் கறுப்பு ஃபிலிம் ஒட்டினேன். தஞ்சாவூரில் போலீஸ்காரர் நிறுத்தி, "இது சட்டப்படி தப்பும்மா, கிழிச்சிடுங்க" என்றார். அபராதத்தைக் கட்டிவிட்டு ஃபிலிமை அப்படியே விட்டுவிட்டேன்.

சென்ற குறுவை அறுவடையில், எங்கள் நெல்லை எடை போடுவதைப் பார்க்க வேண்டுமென்று அப்பாவும் கொள்முதல் நிலையத்துக்கு வந்தார். எங்கள் முறை வரும்வரை அவரை ஏ.சி. ஓடும் காரின் பின்சீட்டில் உட்கார வைத்துவிட்டு, நான் நெல் குவியலருகே போய் நின்றேன். ஒரு மணி நேரம் கழித்துக் கதவைத் திறந்தபோது அப்பா சரிந்து கிடந்தார். மாரடைப்பு. ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அன்று அங்கே நெல் தூற்றிக்கொண்டிருந்த அக்கா ஒருவர் துக்கம் கேட்க வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"அந்தக் கார் நிழல்லதாம்மா உக்காந்து சாப்பிட்டேன். கண்ணாடியில மூஞ்சியப் பார்த்துத் தலையை முடிஞ்சேன். உள்ள அய்யா இருந்தது தெரியலையே."

காரியம் முடிந்த மறுநாள் ஃபிலிமை நானே உரித்தெடுத்தேன். இப்போதெல்லாம் காரை எங்கே நிறுத்தினாலும், பூட்டிய பிறகு கண்ணாடி வழியே ஒருமுறை பின்சீட்டைப் பார்த்துவிட்டுத்தான் நகர்கிறேன். யாரும் இல்லை என்பது நன்றாகத் தெரிகிறது.