கையைக் கட்டிக்கொண்ட பிள்ளை

ஜெர்மனியில் நான்கு வயதுப் பிள்ளையின் கையில் கத்தியைக் கொடுத்துவிடுகிறார்கள். விளையாட்டுக் கத்தி இல்லை, வெள்ளரிக்காய் நறுக்கும் நிஜக் கத்தி. என் மகள் இனியாவை இங்கே 'கீட்டா' என்று அழைக்கும் மழலையர் பள்ளியில் சேர்த்த புதிதில், ஒருநாள் அவளைக் கூட்டிவரச் சற்று முன்னதாகவே போய்விட்டேன். தாழ்வான மேசையைச் சுற்றி நின்று சில பிள்ளைகள் காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். நாக்கு நுனியை லேசாக வெளியே நீட்டியபடி இனியாவும் அவர்களோடு நின்றாள். ஆசிரியை பிர்கிட் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தார். "இங்கே சமையல்காரர் இல்லையா?" என்று அரைகுறை ஜெர்மனில் கேட்டேன். "இருக்கிறாரே. ஆனால் அவருக்குத்தான் ஏற்கெனவே நறுக்கத் தெரியுமே" என்றார் பிர்கிட். கேலி செய்கிறார் என்று நினைத்து, கோபத்தோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அது கேலி இல்லை என்று புரிய மாதங்கள் ஆயின. "இன்றைக்கு என்ன படித்தாள்?" என்று மாலைதோறும் கேட்பேன். "ஒரு ஜாடியிலிருந்து இன்னொரு ஜாடிக்குத் தண்ணீர் ஊற்றினாள்" என்பார் பிர்கிட். "பிறகு?" "பிறகு மறுபடியும் ஊற்றினாள்." இதற்கா பிள்ளையை அனுப்புகிறோம் என்று நானும் என் மனைவி சுகந்தியும் வீட்டில் புலம்புவோம். ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் எழுவதற்கு முன்பே இனியா மூன்று தம்ளர்களில் பால் ஊற்றி மேசையில் வைத்திருந்தாள். மூன்றிலும் ஒரே அளவு. ஒரு சொட்டுகூடக் கீழே சிந்தவில்லை. அவள் முகத்தில் அன்றைக்கு இருந்த பெருமிதத்தை நான் வேறெந்தப் பிள்ளையிடமும் பார்த்ததில்லை.

நான் படித்தது பேரையூர்ப் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளியில். உள்ளே நுழைந்ததும் காதில் விழும் முதல் பாடம், 'கையைக் கட்டு, வாயைப் பொத்து' என்பதுதான். பருத்திக் காட்டில் அந்தக் கைக்குத் தெரியாத வேலை கிடையாது. களை பிடுங்கும், ஆட்டுக்குக் குழை ஒடிக்கும். வகுப்புக்குள் வந்ததும் அது மார்போடு ஒட்டிக்கொள்ள வேண்டும். எங்கள் அப்பாவுக்கும் அதுவே சம்மதமாக இருந்தது. "கை நோகாமப் பொழைக்கணும்டா, அதுக்குத்தான் படிக்கப் போடுறேன்" என்பார். மண்வெட்டி பிடித்துக் காய்த்துப்போன கையைக் காட்டித்தான் அவர் அதைச் சொல்வார். கையைக் கொண்டு ஒன்றைத் தெரிந்துகொள்வதும் படிப்புதான் என்று எங்கள் பக்கம் யாரும் நினைத்ததில்லை.

இனியாவுக்கு ஐந்து வயது ஆகும் சமயத்தில், மதுரை பழங்காநத்தத்தில் என் மாமனார் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுத்துவிட்டார். சுகந்தி பிள்ளையோடு கிளம்பினாள். கொஞ்ச நாளில் திரும்பிவிடுவதாகத்தான் பேச்சு. அவர் எழுந்து நடக்கத் தாமதமாயிற்று. பிள்ளை சும்மா இருக்க வேண்டாம் என்று பக்கத்திலேயே ஒரு நர்சரி பள்ளியில் சேர்த்தார்கள். விடுப்பு எடுத்துக்கொண்டு நான் போய்ச் சேர்ந்தபோது, வாசலுக்கே ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொண்டாள். மதுரைத் தமிழ் நாக்கில் உருண்டது. "அப்பா, எனக்கு அங்கிட்டு எம்புட்டு ஃப்ரெண்ட்ஸ் தெரியுமா?" அச்சடித்தது போன்ற கையெழுத்தைக் காட்டினாள். மாமா பிள்ளைகளுக்கு நடுவில் படுத்துத் தூங்கினாள். எனக்கு நிறைவாகத்தான் இருந்தது.

மறுநாள் பள்ளி விட்டு வந்தவளைச் சமையலறைக்குக் கூட்டிப்போய், வெள்ளரிக்காயும் கத்தியும் எடுத்து வைத்து, "நீ நறுக்கு, அப்பா பாக்குறேன்" என்றேன். அவள் கத்தியை எடுக்கவில்லை. என் குரல் கேட்டு, சுகந்தியின் அண்ணி ஓடிவந்தார். "என்னண்ணே, பச்சப்புள்ளகிட்டக் கத்தியக் குடுத்துட்டு வேடிக்கை பாக்குறீங்க? நான் நறுக்கித் தர மாட்டேனா?" அவர் அதைச் சொன்னதில் பாசத்தைத் தவிர வேறெதுவும் இல்லை. நான் இனியாவைப் பார்த்தேன். அவள் இரண்டு கைகளையும் மார்பில் கட்டிக்கொண்டு நின்றாள். யாரும் கட்டச் சொல்லவில்லை. "அத்தையே நறுக்கித் தரட்டும்ப்பா. எனக்குத் தெரியாது" என்றாள்.

ஆத்திரத்தோடுதான் பள்ளிக்குப் போனேன். அவளுடைய ஆசிரியை தஸ்லீமா, பக்கத்து ஊரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோகும் இளம்பெண். நீளமான ஒரே அறையில் பிள்ளைகள் தோளோடு தோள் இடித்து உட்கார்ந்திருந்தார்கள். கையால் செய்து பழக ஏதாவது கொடுக்கலாமே என்றேன். அவர் கோபப்படவில்லை.

"குடுத்துப் பாத்தேன் சார். புளியங்கொட்டை கொண்டாந்து எண்ணச் சொன்னேன். புள்ளைக அம்புட்டு சந்தோசமா எண்ணுச்சுக. ஒரு புள்ள மூக்குக்குள்ள போட்டுக்கிருச்சு. ஆஸ்பத்திரியில எடுத்துட்டாங்க, ஒண்ணும் ஆகல. ஆனா மறுநாள் பேரண்ட்ஸ் எல்லாம் வந்து, எழுத்து சொல்லிக்குடுங்க, விளையாட்டு வீட்டுல விளையாடிக்கிரும்னுட்டாங்க. அன்னையோட விட்டுட்டேன்." பிறகு கேட்டார்: "அங்க ஒரு ரூம்ல எத்தனை புள்ளைக சார்? எத்தனை மிஸ்?" சொன்னேன். அவர் தன் வகுப்பைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "இனியா நல்ல புள்ள சார். முதல்ல எல்லாத்தையும் தொட்டுத்தொட்டுப் பாப்பா. இப்ப சொன்னபடி உக்காருறா" என்றார். பாராட்டாகத்தான் சொன்னார்.

நான் கிளம்புவதற்கு முந்தைய மாலை, மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த சுகந்தியிடம், மூவரும் சேர்ந்து போய்விடலாம் என்றேன். மடித்த துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, "என்னங்க, அங்க சாயங்காலமானா நானும் அவளும் ஜன்னலப் பாத்து உக்காந்திருப்போம். இங்க அவளுக்கு எத்தனை ஆளுக பாருங்க. காய் நறுக்க எப்ப வேணாப் பழகிக்கிரலாம். இந்த ஆளுகள அங்க எங்க போயித் தேடுவீங்க?" என்றாள். கீழே இனியாவும் மற்றப் பிள்ளைகளும் கத்திச் சிரிப்பது கேட்டது. "அப்ப இங்கயே இருங்க" என்றேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது என்று சில நாள் தோன்றும். அதைச் சொன்னதோடு நானும் அங்கேயே தங்கியிருக்க வேண்டும் என்று சில நாள் தோன்றும். சொல்லவும் சொல்லிவிட்டு, நான் மட்டும் விமானம் ஏறினேன்.

கீட்டாவில் அவளுடைய இடம் வேறொரு பிள்ளைக்குப் போயிற்று. பிர்கிட்டைத் தெருவில் பார்த்தால், "இனியா எப்போது வருகிறாள்?" என்று கேட்பார். "இன்னும் இல்லை" என்பேன். விரைவில் வருவாள் என்று அவர் அதை எடுத்துக்கொள்வார். நான் திருத்துவதில்லை.

போன வாரம் வேலை முடிந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். எதிர் இருக்கையில் ஒரு சின்னப் பையன் தன் குளிர்ச்சட்டையின் ஜிப்பை மேலே இழுக்கப் போராடிக்கொண்டிருந்தான். என்னை அறியாமல் என் கை நீண்டது. "வேண்டாம், நன்றி. அவனே செய்வான்" என்றாள் அவன் அம்மா, சிரித்தபடி. அப்போது மதுரையிலிருந்து வீடியோ அழைப்பு வந்தது. மற்றக் கையால் ஃபோனை எடுத்தேன். அங்கே இரவுச் சாப்பாட்டு நேரம். இனியா சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். திரைக்கு வெளியிலிருந்து ஒரு கை வந்து அவளுக்குச் சோற்றுருண்டை ஊட்டியது. யாருடைய கை என்று தெரியவில்லை. அந்த வீட்டில் யாருடைய கையாகவும் இருக்கலாம். வாய் நிறையச் சோற்றோடு அவள் ஏதோ சொல்லிச் சிரித்தாள். எதிரே அந்தப் பையன் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தான். நீட்டிய என் கை இன்னும் அந்தரத்திலேயே இருந்தது.