வாட்டிய இலையின் மெழுகு

பழனிசெட்டிபட்டியில் பார்சல் சாப்பாடு வாங்கினால், பிரித்ததும் சோற்றைப் பார்க்காமல் இலையைத் திருப்பிப் பார்க்கிற பழக்கம் எனக்கு. மினுமினுவென்று இருந்தால் வாட்டிய இலை. சாம்பல் பூத்தாற்போல் வெளிறி இருந்தால் வாட்டாதது. வீட்டில் எல்லாரும் சிரிப்பார்கள். சுருளிப்பட்டிச் சித்தியிடம் நான் பட்ட பாடு அவர்களுக்கு எங்கே தெரியும்?

வேதியியல் முதுகலையின் கடைசிப் பருவத்தில் நான் எடுத்த ஆய்வு வாழை இலையின் மெழுகைப் பற்றியது. இலையின் அடிப்பக்கத்தைத் தடவினால் விரலில் ஒட்டுகிறதே வெள்ளை மாவு, அதுதான். எல்லா இலையிலும் அது ஒரே சரக்கு இல்லை. வெயிலில் நின்றதற்கும் நிழலில் நின்றதற்கும் கலவை மாறும், வயதுக்கு வயது மாறும். ஒரே தோப்பில் குருத்திலைக்கும் முற்றிய இலைக்கும் என்ன வித்தியாசம் என்பது என் கேள்வி. சித்திக்குச் சொந்தமாக வாழைத்தோப்பு இருந்தது. கேட்டதுதான் தாமதம், வாரா வாரம் காலைப் பேருந்து ஓட்டுநரிடம் இரண்டு கட்டுக் கொடுத்துவிடுவார். ஒன்றில் குருத்து, மற்றதில் முற்றியது. நான் தேனி பேருந்து நிலையத்தில் வாங்கிக்கொண்டு கல்லூரிக்கு ஓடுவேன்.

முடிவுகள் அசத்தின. குருத்தில் மெழுகு நிறைய. முற்றிய இலையில் பேருக்குத்தான். இலைக்கு வயதாக ஆகக் கம்பம் பள்ளத்தாக்கின் காற்று மெழுகை அரித்துவிடுகிறது என்று இரண்டு பக்கத்துக்கு அளந்துவிட்டேன். எழுதியதைப் படித்துப் பெருமையில் எனக்கே கொஞ்சம் தலைகால் புரியவில்லை. பேராசிரியரும் தலையாட்டினார்.

ஆய்வேட்டை ஒப்படைக்க மூன்று வாரம் இருந்தது. நன்றி சொல்லலாமென்று அல்வாவோடு சுருளிப்பட்டிக்குப் போனேன். சித்தி அடுப்படியில் அடுத்த கட்டுக்குத் தயாராகிக்கொண்டிருந்தார். முற்றிய இலை ஒன்றை அனலில் இப்படியும் அப்படியும் காட்டி, நிறம் கறுத்து மினுங்கியதும் ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தார்.

"என்ன சித்தி பண்றீங்க?"

"முத்துன எலைய மடிச்சா கிழிஞ்சுரும்ல ஆத்தா. குருத்துன்னா சொன்னபடி மடங்கும். அதான் இத மட்டும் லேசா வாட்டி, மாவு போகத் தொடச்சு அனுப்புறேன். காலேஜுல நாலு பேரு பாக்குறாகல்ல."

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். என் ஆய்வின் பாதி அந்தத் துணியில் ஒட்டிக்கொண்டிருந்தது. கோபம் வந்தது, அழுகையும் வந்தது. ஆனால் அப்படியே அனுப்புங்கள் என்று சொல்லாதவள் நான்தான். நாலு பேர் பார்க்கிற இலையைத் துடைக்காமல் அனுப்ப எந்தச் சித்திக்கு மனசு வரும்? விவரம் சொன்னதும் அவர் முகம் வாடிவிட்டது.

"அப்ப ஒம் பரிச்ச போச்சா?"

மறுநாள் விடியலில் நடத்துனரின் முணுமுணுப்பைக் காதில் வாங்காமல், மடிக்காத முழு இலைகளைப் பேருந்தில் நிமிர்த்திப் பிடித்தபடி சித்தி கல்லூரிக்கே வந்துவிட்டார். நடந்ததைப் பேராசிரியரிடம் ஒப்புக்கொண்டேன். அவர் முழுதும் கேட்டுவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். "புது இலையில எல்லாத்தையும் திரும்பச் செய்யி. வாட்டுனதத் தூக்கிப் போடாத, அதுக்குத் தனி அத்தியாயம் எழுது" என்றார். மூன்று வாரம் ஆய்வகமே கதியென்று கிடந்தேன். வாட்டாத முற்றிய இலையில் மெழுகு தாராளமாக இருந்தது. கலவைதான் குருத்திலிருந்து வேறு. காற்றைப் பற்றிய இரண்டு பக்கமும் குப்பைக்குப் போயின.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் மற்றதையெல்லாம் புரட்டிவிட்டு அந்தத் தனி அத்தியாயத்தில் வந்து நின்றார். எத்தனை நிமிடம் வாட்டினார்கள், எவ்வளவு சூட்டில்? எனக்குத் தெரியவில்லை. தேறமாட்டேன் என்றே நினைத்தேன். போன் போட்டுக் கேட்கச் சொன்னார். ஸ்பீக்கரில் போட்டேன்.

"பரிச்ச வைக்க வந்தவுக சாப்புட்டாகளா?" என்று முதலில் கேட்டார் சித்தி. பிறகு சொன்னார்: "மணியெல்லாம் யாரு பாத்தா? வாசம் வரணும். வந்ததும் எடுத்துரணும்."

அறையில் யாரும் சிரிக்கவில்லை. தேர்வாளர் பேனாவைத் திறந்து அதைக் குறித்துக்கொண்டார். செய்முறைப் பகுதியில் அப்படியே சேர்த்துவிடுங்கள் என்றார். கல்லூரி நூலகத்தில் இருக்கும் என் ஆய்வேட்டில், கரைப்பானின் அளவுக்கும் கருவியின் வெப்பநிலைக்கும் நடுவே இன்றைக்கும் அந்த வரி இருக்கிறது: 'வாசம் வரும் வரை வாட்டப்பட்டது.'