அக்காவின் பெயரில் இருந்த கோடு

அன்று காலை பத்து மணிக்கு என் மேசைக் கணினியின் டெர்மினல் திறந்த வேகத்திலேயே மூடிக்கொண்டது. எழுத்தாலேயே கட்டளை கொடுக்கும் கறுப்புச் சாளரம் அது. அது இல்லாமல் எனக்கு வேலை ஓடாது. மறுபடி திறந்தேன். கண் சிமிட்டும் நேரத்தில் போய்விட்டது. இருபது வருடமாக ஈப்போவில் அடுத்தவர்களின் கணினிகளைப் பழுதுபார்த்துப் பிழைக்கிறேன். விடுப்பு எடுத்த நாளில் என்னுடையதே மக்கர் செய்தால் அலுப்பு வருமா, வராதா?

பக்கத்து நாற்காலியில் அக்கா உட்கார்ந்திருந்தார். கூடப் பிறந்தவர் அல்ல; செமோர் பக்கத்தில் நான் பிறந்த தோட்டத்தில் எங்கள் வீட்டுக்கு இரண்டு கதவு தள்ளி இருந்தவர். தோட்டம் கைமாறி ரப்பர் மரங்களை வெட்டியாகிவிட்டது. தொழிலாளர்களுக்கென்று வரிசையாகக் கட்டிய லயத்து வீடுகளில் இன்னும் நாற்பத்து மூன்று குடும்பங்கள் இருக்கின்றன, அக்காவுடையதையும் சேர்த்து. மாற்று வீடு கேட்டு ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியே மனு கொடுக்க வேண்டும். அன்றுதான் கடைசி நாள். நான்கு மணிக்கு நில அலுவலகக் கவுண்டரை மூடிவிடுவார்கள்.

மனுக்களை அச்சிட நான் எழுதிய நிரல் டெர்மினலில்தான் ஓடும். போன வாரமே ஒருமுறை அச்சிட்டுக் கொடுத்தோம். அடையாள அட்டையில் உள்ளபடி பெயர்கள் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். சுருக்கமாக இருக்கட்டும் என்று ஏ/எல், ஏ/பி-யை நான் விட்டிருந்தேன். இன்னாரின் மகன், இன்னாரின் மகள் என்று காட்ட மலேசியத் தமிழர்களான எங்கள் பெயர்களுக்கு நடுவே வரும் எழுத்துகள் அவை. அக்கா முழுப் பட்டியலையும் திருத்தி அனுப்பினார். முந்தின நாள்தான் அதைக் கணினியில் போட்டேன். முதல் பெயர் அவருடையது. குடியிருப்பாளர் குழுவின் செயலாளர் இல்லையா.

கணினியை அணைத்துப் போட்டேன். டெர்மினலை நீக்கிவிட்டு மறுபடி நிறுவினேன். புதிய பதிப்பை இறக்கினேன். மணி ஒன்றாகிவிட்டது. அக்கா ஒன்றுமே கேட்காமல் தேநீரை ஆறவிட்டுக்கொண்டிருந்தது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. திட்டினாலாவது திருப்பித் திட்டலாம்.

எத்தனையாவது முறையோ திறந்தபோது அவர் சொன்னார்.

"தம்பி, இப்ப என் பேரு வந்துட்டுப் போச்சு."

நான் ஓர் எழுத்தையும் பார்க்கவில்லை. தன் பெயர் என்றால் தப்பாமல் கண்ணில் படும் போலிருக்கிறது. கைப்பேசியில் வீடியோ எடுத்து, நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம். அவர் பெயர்தான். கூடவே, அப்படி ஓர் இடமே இல்லை என்று ஒரு பிழைச்செய்தி.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தப்பு கணினியுடையது அல்ல, என்னுடையது. டெர்மினல் திறக்கும்போதெல்லாம் பட்டியலைப் படித்து, புதுப் பெயர் இருந்தால் அதற்கு ஒரு கோப்புறை உண்டாக்கும்படி அதன் தொடக்கக் கோப்பில் எழுதிவைத்தவன் நான். பிழை வந்தால் உடனே எல்லாவற்றையும் நிறுத்து என்ற வரியையும் கெட்டிக்காரத்தனமாக மேலே சேர்த்திருந்தேன். கணினிக்குச் சாய்கோடு என்றால் ஒன்றுக்குள் இன்னொன்று என்று அர்த்தம். அக்காவின் பெயரை அது வீடாகவும், கோட்டுக்குப் பின்னால் வரும் அவர் அப்பாவை உள்ளே ஓர் அறையாகவும் எடுத்துக்கொண்டது. வீடே இல்லாத இடத்தில் அறையை எங்கே கட்டுவது என்று மூடிக்கொண்டது. என் பெயரிலும் அந்தக் கோடு உண்டு. பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து எழுதுகிறேன்.

இதையெல்லாம் அக்காவுக்கு விளக்கினேன்.

"எனக்கு வீடு இல்லைன்னு அதுக்கும் தெரிஞ்சு போச்சா," என்றார்.

அவர் சிரிக்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

தொடக்கக் கோப்பை வேறு எடிட்டரில் திறந்து, நிறுத்தும் வரியை எடுத்தேன். கோப்புறைப் பெயர்களில் மட்டும் சாய்கோட்டை நீக்கச் சொல்லி எழுதினேன்; மனுக்களில் ஏ/எல்லும் ஏ/பி-யும் அப்படியே இருந்தன. டெர்மினல் திறந்தது, நின்றது. மூன்று மணிக்குக் கடைசித் தாள் வெளியே வந்தது.

கவுண்டருக்குப் போனபோது மூன்றரை. அங்கிருந்த பணியாளர் தாள்களைப் புரட்டிப் பார்த்து, இப்போது பெயர்கள் சரி என்றார். பிறகு தன் கணினியில் பதியத் தொடங்கி, முதல் பெயரிலேயே நின்றுவிட்டார். அவர் திரையில் இருந்த படிவம் சாய்கோட்டை ஏற்கவில்லை. இரண்டு தரம் முயன்றார். அப்புறம் ஏ/பி-யை எடுத்துவிட்டுத் தட்டினார். உடனே ஏற்றுக்கொண்டது. கேள்வி எனக்கு வாய் வரை வந்துவிட்டது. அக்கா என் கையை அழுத்திப் பிடித்தார்.

பதிவுச் சீட்டில் அவர் பெயர் கோடு இல்லாமல் இருந்தது, போன வாரம் திருப்பி அனுப்பிய மனுவில் இருந்தது போலவே. அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

"வீடு கிடைக்கட்டும்லா தம்பி. கதவுல பேரு எழுதறப்ப அந்தக் கோட்ட நானே போட்டுக்கிறேன்."